சிறுகுறிஞ்சான் பொடி விற்கும் மதுரை நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு

மதிப்பிற்குரிய அண்ணாச்சிகளுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். நான் செல்லூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநர். இங்கிலீஷ் மருந்து விற்கிற ஆள் நம் பிழைப்பில் மண் போட வந்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் சளிக்கு ஆடாதோடையும் வயிற்றுப் பொருமலுக்கு ஓமமும் உங்கள் கடைகளிலிருந்துதான் வருகின்றன. நான் பேச வந்தது சிறுகுறிஞ்சான் பொடியைப் பற்றி மட்டும்தான். 'சுகருக்கு ஏதாவது கொடுங்க' என்றதும் நீங்கள் மடித்துக் கொடுக்கும் பொடி. அப்புறம், அதோடு நாவல்கொட்டை, ஆவாரம்பூ, வெந்தயம் எல்லாம் சேர்த்து நீங்களே அரைத்து வைக்கும் கலவை.

உங்களில் சிலர் ஒரு வேடிக்கை செய்து காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சிறுகுறிஞ்சான் இலையை மெல்லச் சொல்கிறீர்கள். கொஞ்சம் கழித்து ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் போடுகிறீர்கள். இனிப்பே தெரியாது, ஆற்று மணலை மென்ற மாதிரி நறநறவென்று இருக்கும். 'பாத்தீங்களா, சீனியையே கொன்னுருச்சு. ரத்தத்துல இருக்குறத விட்டுருமா?' என்பீர்கள். வந்தவர் அப்படியே விழுந்துவிடுவார். ஆனால் அங்கே நடப்பது வேறு. இலையில் உள்ள ஜிம்னமிக் அமிலம், நாக்கில் இனிப்பை உணரும் இடங்களை அடைத்துக்கொள்கிறது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் அது விலகிவிடும், சுவையும் திரும்பிவிடும். சீனி சீனியாகத்தான் உள்ளே போகிறது. நாக்கில் காட்டும் வித்தை ரத்தத்துக்குச் சாட்சி ஆகாது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

அதற்காகச் செடியில் சரக்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஒன்று 1990இல் வெளியானது. சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுவந்த 22 பேருக்கு, மாத்திரையோடு சேர்த்து, இந்த இலையிலிருந்து எடுத்த சாரத்தைத் தினமும் 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கியது, மாத்திரை அளவைக் குறைக்க முடிந்தது, 5 பேரால் மாத்திரையை விடவே முடிந்தது. நம் ஊர்ச் செடிக்கு இது பெருமைதான். ஆனால் அது சின்ன ஆய்வு. கொடுத்தது அளந்த சாரம், ஸ்பூனில் அள்ளும் பொடி இல்லை. மாத்திரையைக் குறைத்ததும் சோதித்துப் பார்த்துக் குறைத்ததுதான். இதை வைத்து 'மாத்திரைய தூக்கிப் போடுங்க' என்று சொல்ல உங்களுக்கும் அதிகாரமில்லை, எனக்கும் இல்லை.

பொடி வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அதோடு இந்தப் பொடியும் சேர்ந்தால் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கலாம். என் தாய்மாமாவுக்கு அப்படித்தான் ஆனது. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை பார்க்கத் தல்லாகுளம் போனவர், வழக்கமான மாத்திரையும் போட்டு, புதிதாக வாங்கிய பொடியையும் வெந்நீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கூட்டத்தில் சோற்றை மறந்துவிட்டார். சட்டை நனைய வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியது. பக்கத்தில் இருந்தவர்கள் 'தண்ணி போட்டுட்டாரு போல' என்று ஒதுங்கினார்களாம். தண்ணீர்ப் பந்தலில் இருந்த ஒரு அம்மா மூன்று தம்ளர் பானகம் புகட்டியதால் தப்பினார். பொடி விற்றவர் கேட்டது, 'அரைக்கிலோவா, கால்கிலோவா?' என்று மட்டும்தான்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மாதாமாதம் வருகிற வாடிக்கையாளர் திடீரென்று வராமல் போவார். விசாரித்தால் பொடிக்கு மாறிவிட்டேன் என்பார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்பார். சர்க்கரை ஏறினால் உடனே வலிக்காதே! ஆறாத கால்புண்ணோடு பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் தெரியும். சின்ன வயதிலிருந்து இன்சுலின் போடுபவர்கள் பொடியை நம்பி ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. அவர்களுக்கு இந்தப் பொடியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கல்லீரல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிறுகுறிஞ்சான் டீ குடித்த சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2010இல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. ஒரே ஒருவர்தான், பயமுறுத்த அது போதாது. ஆனாலும் பொடி எடுப்பவருக்குக் கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்ந்து போனால், பொடியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

கலவைப் பொடிக்கு வருவோம். நிலவேம்புக் குடிநீரில் 9 சரக்கு, கபசுரக் குடிநீரில் 15 சரக்கு. எது எவ்வளவு என்பது ஊரறிந்த கணக்கு. உங்கள் டப்பாவில்? 'எங்க தாத்தா காலத்துப் பக்குவம்' என்பது பதிலாகாது. சித்த மருந்து என்று தயாரித்து விற்றால் சரக்குகளின் பெயர், அளவு, உரிம எண், தயாரித்த தேதி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும் என்பது சட்டம். சர்க்கரையைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது. போர்டில் 'சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு' என்று எழுதியிருப்பவர்கள் இன்றைக்கே அழித்துவிடுவது நல்லது.

வெளியிலிருந்து மூட்டையில் பொடியாகவே வாங்கி டப்பாவில் அடைப்பவர்களிடம் எனக்குக் கூடுதல் பயம். 2008இல் சிங்கப்பூரில், ஆண்மைக்கு என்று திருட்டுத்தனமாக விற்ற மருந்துகளில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை கலந்திருந்தது. சர்க்கரை தாழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 4 பேர் இறந்தார்கள். ஒரு 'மூலிகை'ப் பொடி இரண்டே நாளில் சர்க்கரையைத் தடாலென்று இறக்குகிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். இலையாக வாங்கி, கண்ணால் பார்த்து, நீங்களே அரைப்பது எவ்வளவோ மேல்.

சரி, நான் கேட்பது இதுதான். பொடியை மடிக்கும் முன் 'என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?' என்று கேளுங்கள். சிலருக்குப் பெயர் தெரியாது, அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அது 'கிளி' என்று ஆரம்பித்தால் (கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு), அல்லது இன்சுலின் போடுகிறவர் என்றால், டாக்டரிடம் சொல்லாமல் பொடி வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள். கர்ப்பிணிகளையும், ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்களையும் அப்படியே அனுப்புங்கள். மற்றவர்களுக்குக் கொடுத்தாலும் சர்க்கரையை அடிக்கடி சோதிக்கச் சொல்லுங்கள், வெறும் வயிற்றோடு அலைய வேண்டாம் என்று சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. பொடிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு அந்த வழியைக் காட்டலாம்.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க, மாத்திரைப் பெயர்களைப் பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்துத் தருகிறேன். செலவு என்னுடையது. எத்தனை கடைக்கு வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
செல்லூர் மருந்தாளுநர் ஒருவர்