முதல் வாரத்தோடு பாட்டைக் கைகழுவும் இசை நிறுவனங்களுக்கு

மதிப்புக்குரிய இசை நிறுவனத்தாருக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை பாட்டு வெளியாகிறது. திங்கட்கிழமை காலையில் எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்க்கிறீர்கள். ஏறவில்லையா, அன்றோடு விளம்பரப் பணம் நிற்கிறது. அந்தப் புதுக்குழு போன் போட்டால் எடுக்கவும் ஆளில்லை. உங்கள் தொழிலை உங்களுக்கே சொல்லித்தர நான் யார்? ஆனாலும் 'டேக் ஆன் மீ' என்ற ஆங்கிலப் பாட்டு பட்ட பாட்டை ஒருமுறை நினைவூட்டத் தோன்றுகிறது.

நார்வேயின் ஆ-ஹா குழுவுக்கு அதுதான் முதல் சிங்கிள், அதாவது தனியாக வெளியிட்ட முதல் பாட்டு. 1984-ல் டோனி மேன்ஸ்ஃபீல்டு தயாரிப்பில் வந்தது. பிரிட்டனில் சீந்துவாரில்லை, பட்டியலில் முதல் நூறுக்குள்கூட வரவில்லை. மார்ட்டன் ஹார்கெட்டின் அதே குரல்தான். மாக்னே ஃபுருஹோல்மன் பதின்ம வயதிலேயே போட்டு வைத்திருந்த அதே கீபோர்டு மெட்டுதான். எல்லாம் இருந்தும் படுத்துவிட்டது.

இன்றைய உங்கள் கணக்குப்படி கதை அங்கேயே முடிந்திருக்கும். குழுவின் இசை நிறுவனமான வார்னர் பிரதர்ஸின் லண்டன் அலுவலகத்தில் இருந்த ஆண்ட்ரூ விக்கம் விடவில்லை. ஆலன் டார்னி என்ற வேறொரு தயாரிப்பாளரைக் கொண்டு மறுபடி பதிவுசெய்ய வைத்தார். நாம் இன்று கேட்பது அந்தப் பதிவைத்தான். பல்லவியைக் கவனியுங்கள்: அடிக்குரலில் கிளம்பி, படிப்படியாக ஏறி, கடைசியில் கள்ளக்குரலில் போய் உச்சியைத் தொடுகிறது. ஏறக்குறைய இரண்டரை ஸ்தாயி. நம்மில் பலர் குளியலறையில் முயன்று மூச்சுமுட்டி நிற்கும் இடம் அது.

அதுவும் பிரிட்டனில் ஓடவில்லை! இரண்டாம் முறையும் அடி. அப்புறமும் நிறுவனம் அசரவில்லை. பழைய வீடியோவை ஒதுக்கிவிட்டு ஸ்டீவ் பாரன் என்ற இயக்குநரிடம் புதிதாக ஒன்று எடுக்கச் சொன்னது. கஃபே மேசையில் விரிந்து கிடக்கும் காமிக்ஸிலிருந்து பென்சில் கோடுகளாலான ஒரு கை நீண்டு அந்தப் பெண்ணை உள்ளே அழைக்கிறதே, அதேதான். மைக்கேல் பேட்டர்சனும் கேண்டஸ் ரெக்கிங்கரும் படம்பிடித்த காட்சிகளின் மேல் ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேம்) கையால் வரைந்தார்கள். ஏறத்தாழ 3,000 சட்டங்கள், 16 வார வேலை. ஒரே ஒரு பாட்டுக்கு, அதுவும் தோற்றுப்போன பாட்டுக்கு!

மிச்சத்தை ஊரே அறியும். 1985 அக்டோபரில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் முதலிடம், பிரிட்டனில் இரண்டாமிடம், 1986 எம்டிவி விருதுகளில் ஆறு. 2020-ல் யூடியூபில் 100 கோடிப் பார்வைகளைத் தாண்டியது.

மறுபடி மறுபடி வெளியிட்டால் எல்லாப் பாட்டும் ஓடிவிடாது. பெரும்பாலானவை மூன்றாம் முறையும் படுக்கும், போடுகிற பணமும் உங்களுடையது. அதனால் எல்லாவற்றுக்கும் கேட்கவில்லை. உங்கள் அலுவலகத்திலேயே காதுள்ள யாராவது ஒருவர் இருப்பார். "இதில் ஏதோ இருக்கிறது" என்று அவர் சொல்லும் பாட்டுக்கு மட்டும், இன்னொரு தயாரிப்பாளரை வைத்து ஒரு மறுபதிவும் ஒரு மறுவெளியீடும் உண்டு என்று புதியவர்களின் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். திங்கட்கிழமை எண்ணிக்கைக்கு அவர் பதில் சொல்ல வேண்டாம்.

அதற்கும் மனமில்லையென்றால், ஓடாத பாட்டின் உரிமையை அலமாரியில் பூட்டி வைக்காமல் பாடியவர்களிடமே ஓராண்டுக்குள் திருப்பிக் கொடுங்கள். இரண்டாம் முறையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
காசு கொடுத்துப் பாட்டுக் கேட்கும் ஒருவன்