எலக்ட்ரான் பூமியல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஸ்பின்–ஆர்பிட் பிணைப்பு (எலக்ட்ரானின் 'ஸ்பின்' என்னும் தற்சுழற்சிப் பண்பும் அணுக்கருவைச் சுற்றிய அதன் இயக்கமும் ஒன்றையொன்று பாதிப்பது) பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்படியொரு பொருளைத் தமிழில் எழுதத் துணிந்த கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றி. கல்லூரியில் பல ஆண்டுகள் நிறமாலைச் சோதனைகளைச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால் இரண்டு இடங்களில் என் மனம் ஒப்பவில்லை. எலக்ட்ரானைப் பூமியோடு ஒப்பிட்டது ஒன்று. அணுவில் இந்த விளைவை 'மிகச் சிறிய திருத்தம்' என்று ஒதுக்கிவிட்டு, திடப்பொருளுக்கு வந்ததும் ஏதோ புதிதாக முளைத்தது போலக் காட்டியது மற்றொன்று. இந்த விளைவு அணுவில் எங்கே பிறக்கிறது என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. இரண்டு குறைகளுக்கும் வேர் அதுதான்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது, தன்னைத் தானும் சுற்றுகிறது, எலக்ட்ரானும் அப்படியே என்று நானும் தொடக்கத்தில் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மாணவர்களுக்கு உடனே விளங்கியது. ஆனால் தவறாக விளங்கியது. 1925இல் ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் ஸ்பின் கருத்தை முன்வைத்தபோதே இந்த இடர்ப்பாடு தெரிந்துவிட்டது. எலக்ட்ரானை ஒரு சிறு உருண்டையாக வைத்துக் கணக்கிட்டால் அதன் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாகச் சுழல வேண்டிவரும். நிறையும் மின்னூட்டமும் போல ஸ்பினும் எலக்ட்ரானோடு கூடப்பிறந்த பண்பு; அதோடு ஒரு காந்தத் திருப்புத்திறனும் சேர்ந்தே வருகிறது; அதாவது எலக்ட்ரான் ஒரு சிறு காந்தம் போலவும் நடந்துகொள்கிறது.

எலக்ட்ரான் மேல் நாம் அமர்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வோம். அங்கிருந்து பார்த்தால் அணுக்கருதான் நம்மைச் சுற்றி ஓடும். ஓடும் மின்னூட்டம் காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் புலத்தில் எலக்ட்ரானின் காந்தம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து ஆற்றல் கூடும் அல்லது குறையும். பிணைப்பு என்பது இதுதான். எலக்ட்ரானின் பாதை வளைந்துகொண்டே இருப்பதால் இந்தக் கணக்கில் ஒரு பாதி கழிய வேண்டும் என்று 1926இல் தாமஸ் என்ற இயற்பியலாளர் காட்டினார். கட்டுரையில் அந்தப் பாதி விட்டுப்போயிற்று. விட்டால் எல்லா விடைகளும் இருமடங்காகிவிடும். 1928இல், சார்பியலையும் குவாண்டம் விதிகளையும் இணைத்த டிராக்கின் சமன்பாடு வந்தபோது எந்த ஒட்டுவேலையும் இல்லாமல் சரியான அளவு தானாகவே கிடைத்தது.

சோடியம் விளக்கின் மஞ்சள் கோடு 589.0, 589.6 நானோமீட்டர் என இரண்டாகப் பிரிவது இதனால்தான். ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணியின் இரண்டாம் வரிசைக்கு (நிறங்கள் இன்னும் அகலமாகப் பிரியும் இடத்துக்கு) தொலைநோக்கியைத் திருப்பி, ஒரு கோடு இரண்டாவதை மாணவர்கள் முதன்முதலாகப் பார்க்கும் கணம் எனக்கு என்றும் அலுத்ததில்லை. இடைவெளி ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் அதை உண்டாக்கும் உள்காந்தப்புலத்தைக் கணக்கிட்டால் சுமார் 18 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) வரும். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவிகளில் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லாதான்.

அணு எண்ணின் நான்காம் அடுக்காக இது வளரும் என்று கட்டுரை சொல்கிறது. ஒற்றை எலக்ட்ரான் மட்டும் உள்ள அயனிகளுக்கு அது சரி. நடுநிலை அணுவின் வெளி எலக்ட்ரானுக்குப் பொருந்தாது. சீசியத்தின் அணு எண் 55, சோடியத்தின் 11; சரியாக ஐந்து மடங்கு. நான்காம் அடுக்கு என்றால் பிளவு 625 மடங்காக வேண்டும். உண்மையில் சுமார் 32 மடங்குதான். இருமடிக்கு, அதாவது 25க்கு, பக்கத்தில் இருக்கிறது. காரணம், வெளி எலக்ட்ரான் பெரும்பாலான நேரம் மற்ற எலக்ட்ரான்களின் மறைப்புக்கு வெளியே திரிகிறது. எப்போதாவது உள்ளே நுழைந்து அணுக்கருவை ஒட்டிச் செல்கிறது. அந்தச் சிறு நேரத்தில்தான் இந்த விளைவின் பெரும்பகுதி நடந்துமுடிகிறது.

இதைச் சொல்லியிருந்தால் 'சிறிய திருத்தம்' என்ற சொல் வந்திருக்காது. ஹீலியத்தில் இரண்டு எலக்ட்ரான்களின் ஸ்பின்கள் இணையாக உள்ள நிலைகளும் எதிராக உள்ள நிலைகளும் ஏறக்குறைய ஒன்றோடொன்று பேசுவதே இல்லை; ஒளியை உமிழ்ந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது ஏறக்குறையத் தடைபட்டிருக்கிறது. அவை இரண்டு வேறு வாயுக்களோ என்றுகூட ஒரு காலத்தில் ஐயுற்றார்கள். பாதரசத்தின் அணு எண் 80. அங்கே ஸ்பின்–ஆர்பிட் பிணைப்பு அந்தச் சுவரை உடைத்துவிடுகிறது. குழல்விளக்கினுள் பிறக்கும் 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் இப்படித் தடை மீறி வருவதுதான். அதுவே குழாயின் உட்பூச்சில் பட்டு வெண்ணொளியாகிறது.

திடப்பொருளிலும் கதை அதேதான். சிலிக்கனும் ஜெர்மானியமும் ஒரே படிக அமைப்புக் கொண்டவை. ஆனால் இணைதிறன் பட்டையின் (அணுக்களைப் பிணைக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளின்) உச்சியில் இந்தப் பிளவு சிலிக்கனில் 0.044 எலக்ட்ரான்வோல்ட், ஜெர்மானியத்தில் 0.29. படிகம் மாறவில்லை, அணுக்கரு மாறியது.

மேற்பரப்பில் தோன்றும் ராஷ்பா விளைவை (நகரும் எலக்ட்ரானின் ஆற்றல் ஸ்பினின் திசையைப் பொறுத்து இரண்டாகப் பிரிவதை) அங்குள்ள மின்புலத்தை மட்டும் வைத்துக் கட்டுரை விளக்கியது. அந்தப் புலத்தை மட்டும் நம்பினால் வரும் விடை, அளந்த பிளவுக்கு அருகில்கூட வராது. தங்கத்தையும் வெள்ளியையும் பாருங்கள். அணுக்களின் அடுக்கு ஒன்று, இடைவெளியும் ஏறக்குறைய ஒன்று. 1996இல் தங்கத்தின் மேற்பரப்பில் இந்தப் பிளவு தெளிவாகத் தெரிந்தது. வெள்ளியில் அது மிக மிகச் சிறியது. மேற்பரப்பு சமச்சீரைக் குலைத்துப் பிளவுக்கு வழி திறக்கிறது. பிளவின் அளவு தங்க அணுக்கருவை ஒட்டிய பாய்ச்சலிலிருந்து வருகிறது.

அடுத்த இதழில் இடவியல் மின்காப்பான்கள் (உள்ளே மின்சாரத்தைக் கடத்தாமல் விளிம்பிலோ மேற்பரப்பிலோ மட்டும் கடத்தும் பொருள்கள்) பற்றி எழுதப்போவதாகக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கிறார். 2007இல் பாதரச டெல்லுரைடு, பிறகு பிஸ்மத் செலினைடு என்று அங்கேயும் கனமான தனிமங்களே வரிசையில் நிற்கும். ஏன் அவை என்பதிலிருந்தே அவர் தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கூடவே சோடியத்தின் அந்த இரட்டைக் கோட்டின் படம் ஒன்றையும் பெரிதாக அச்சிட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியை ஒருவர்