செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25, தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் உட்பட

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கான நம் ரசிகர் மன்றத்தின் ஆண்டறிக்கை வழக்கமாக ஒரு பக்கத்தைத் தாண்டாது. எத்தனை ஆட்டம் சேர்ந்து பார்த்தோம், யார் வீட்டில் பார்த்தோம், பரம எதிரி மிச்சிகனிடம் எப்படித் தோற்றோம், பொருளாளருக்கு நன்றி, அவ்வளவுதான். இந்த வருடம் அப்படி முடிக்க வழியில்லை. ஒஹாயோ ஸ்டேட் அணி பத்து வருடத்துக்குப் பிறகு தேசிய சாம்பியன் ஆகியிருக்கிறது, அதே சமயம் நம் தீர்மானப் புத்தகத்தில் 2024 நவம்பர் 30 என்று தேதி போட்டு ஒரு தீர்மானம் உட்கார்ந்திருக்கிறது. ஜனவரிக்குப் பிறகு அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 31-இல் ஆக்ரனை 52-6 என்று வென்றதில் சீசன் தொடங்கியது. அடுத்த ஆட்டம் 56-0. இந்த மாதிரி ஆட்டங்களுக்கு நம் ஆட்கள் பாதி நேரம் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள், அதனால் செப்டம்பரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கன்சாஸ் ஸ்டேட்டிலிருந்து வந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) வில் ஹவர்ட், அலபாமாவிலிருந்து வந்த கேலப் டவுன்ஸ், மிசிசிப்பியிலிருந்து வந்த ஜட்கின்ஸ் என்று வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், அப்போதுதான் கல்லூரிக்குள் காலடி வைத்த ஜெரமையா ஸ்மித் ஒரு பக்கம். முதல் வருடப் பையன் ஒற்றைக் கையால் பந்தைப் பிடிப்பதைப் பார்த்ததிலிருந்து நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒற்றைக் கையால்தான் எல்லாவற்றையும் பிடிக்கிறார்கள். உடைந்தது என்னென்ன என்று இங்கே எழுதவில்லை.

அக்டோபர் 12, ஆரெகனுக்கு எதிராக யூஜீனில் நடந்த ஆட்டம். 32-31, ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. அன்று நம்முடன் உறுப்பினர் ஒருவரின் அப்பாவும் இருந்தார், ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, வாழ்நாள் முழுக்க கிரிக்கெட் பார்த்தவர். கடைசிப் பத்து விநாடி இருக்கும்போது ஆரெகன் பதினொரு பேருக்குப் பதிலாகப் பன்னிரண்டு பேரை நிறுத்தியது. தண்டனை வெறும் ஐந்து யார்டு, ஆனால் ஓடிப்போன நான்கு விநாடி திரும்பி வராது. மிச்சம் ஆறு விநாடியில் ஹவர்ட் பந்தோடு ஓடிச் சறுக்கி உட்கார்ந்தபோது கடிகாரம் பூஜ்யத்தைக் காட்டியது. பெரியவர் கேட்டார்: "பன்னிரண்டாவது ஆள் தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டுத்தானே வரணும், இவன் ஏன் ஆடுறான்? அதுவும் தப்புப் பண்ணினவனுக்கே லாபமா?" யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்த வாரமே, இப்படி ஆள் கூடினால் ஓடிய விநாடிகளைத் திருப்பித் தரலாம் என்று விதிக்குப் புது விளக்கம் கொடுத்தார்கள். பெரியவர் அன்றிலிருந்து தன்னை விதிக்குழு உறுப்பினராகவே நினைத்துக்கொண்டார்.

அந்தத் தோல்வியைவிடப் பெரிய அடி, குவார்ட்டர்பேக்குக்குக் காவல் நிற்கும் இடது டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் அதே ஆட்டத்தில் முழங்கால் போய் சீசனை விட்டே வெளியேறியது. அடுத்த ஆட்டத்தில் நெப்ராஸ்காவை 21-17 என்று தட்டுத்தடுமாறித்தான் வென்றோம். பிறகு இந்தியானா ஆட்டத்துக்கு முன்னால் அதே காவல் வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் சேத் மக்லாக்லினுக்கு குதிகால் தசைநார் அறுந்தது. எல்லோரும் ஸ்மித்தைப் பற்றியே பேசுகிறீர்கள், பேசுங்கள். என்னைக் கேட்டால் இந்தக் கோப்பையில் பாதி டோனவன் ஜாக்சனுக்குச் சேர வேண்டும். அந்த வரிசையில் உள்பக்கம் கார்டாக ஆடிக்கொண்டிருந்தவரை சீசன் நடுவில் டாக்கிள் இடத்துக்கு நகர்த்தினார்கள், முகம் சுளிக்காமல் போய் நின்றார். குவார்ட்டர்பேக் முதுகுப்பக்கத்துக்கு ஒரு ஆள் காவல் நிற்காவிட்டால் ஸ்மித் எங்கே ஓடினாலும் பந்து வந்து சேராது.

சரி, நவம்பர் 30.

மிச்சிகன் வாரத்தில் கல்லூரி வளாகம் முழுக்க மிச்சிகனின் முதல் எழுத்தான 'M' மேல் சிவப்பு டேப் ஒட்டுவார்கள், தெரியும். நம் அழைப்பிலும் 'ம்' எழுத்தை எல்லாம் அடிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார், அடித்துப் பார்த்தால் மன்றத்தின் பெயரே பாதி காணாமல் போனதால் கைவிட்டோம். மதியம் பன்னிரண்டு மணி ஆட்டம். நாம் பத்து வெற்றி ஒரு தோல்வி, அவர்கள் ஆறு வெற்றி ஐந்து தோல்வி, தரவரிசையிலேயே இல்லை. இடைவேளையில் 10-10. இரண்டாம் பாதியில் நாம் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அவர்களுடைய பலமே நடுவில் நிற்கும் இரண்டு மலைகள், கிரஹாமும் கிராண்ட்டும், நாம் திரும்பத் திரும்ப அந்த மலையிலேயே போய் முட்டினோம். நம் இரண்டு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) தவறியது. 45 விநாடி இருக்கும்போது அவர்கள் ஒன்று அடித்தார்கள், 13-10. மிச்சிகனிடம் தொடர்ந்து நான்காவது வருடம். அப்புறம் அவர்கள் நடு மைதானத்தில் கொடி நடப் போய் கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்தது.

நாம் அன்று டிவியை அணைத்துவிட்டு அவசரக் கூட்டம் போட்டோம். தீர்மானத்தின் வாசகம்: "பயிற்சியாளர் ரையன் டேயை உடனடியாகப் பதவியிலிருந்து நீக்கும்படி இம்மன்றம் ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறது." முன்மொழிந்தவர் துணைத்தலைவர். வழிமொழிந்தவர் அடியேன். பீட்சா பெட்டியின் மூடியில் எழுதி, கிழித்து, தீர்மானப் புத்தகத்தில் ஒட்டியவனும் அடியேன், எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. பெரியவர் மட்டும், "ஒரு மேட்ச் தோத்தா வேலையை விட்டுத் தூக்கிடுவீங்களா?" என்றார். நாலு வருஷம் சார் என்றோம். "நாலு வருஷமா? அப்ப சரி" என்றுவிட்டார். அவருக்கு ஓட்டு இல்லை என்பதால் அதைப் பதிவு செய்யவில்லை.

பழைய முறையில் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றில் நான்கே அணிகள்தான், இரண்டு தோல்வியோடு நம் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்திருக்கும். பன்னிரண்டு அணிகள் ஆடும் பிளேஆஃப் இந்த சீசனில்தான் முதல்முறை, எட்டாவது இடத்தில் உள்ளே நுழைந்தோம். டிசம்பர் 21, உறையும் குளிர், நம் மைதானத்திலேயே ஆரஞ்சுச் சட்டை போட்ட டென்னசி ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். 42-17. புத்தாண்டு அன்று ரோஸ் போலில் நடந்த காலிறுதியில் அதே ஆரெகன், அதுவரை தோல்வியே காணாத அணி, முதல் பாதியிலேயே 34-0 என்று போனபோது யாரும் உரக்கப் பேசவில்லை, பேசினால் கலைந்துவிடும் என்ற பயம். 41-21.

ஜனவரி 10 அரையிறுதி, டெக்சாஸ் ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். மாடியில் பிள்ளைகள் கேபிளில் பார்த்தார்கள், கீழே பெரியவர்கள் இணையத்தில் பார்த்தோம், நமக்கு அரை நிமிடம் தாமதம். 21-14 என்று நாம் முன்னிலை, டெக்சாஸ் நம் கோட்டுக்கு ஒரே ஒரு யார்டில் நிற்கிறது. பக்கவாட்டில் தூக்கிப்போட்டு ஓடப் பார்த்து ஏழு யார்டு பின்னால் போனார்கள். இன்னும் ஒரு முயற்சி தவறி, நாலாவது, கடைசி முயற்சி. அப்போது மாடியில் ஒரு கூச்சல், தரை அதிர்ந்தது. சந்தோஷமா அழுகையா தெரியவில்லை. அந்த அரை நிமிடம் யாரும் மூச்சு விடவில்லை. பிறகு நம் திரையிலும் வந்தது: ஜாக் சாயர் பாய்ந்து க்வின் யூவர்ஸ் கையிலிருந்த பந்தைத் தட்டி, தானே பொறுக்கிக்கொண்டு 83 யார்டு ஓடினார். அந்த யூவர்ஸ் 2021-இல் இங்கே படித்தபோது சாயரின் அறைத்தோழர். 28-14.

ஜனவரி 20, அட்லாண்டா, இறுதி ஆட்டம், எதிரில் நாட்டர் டேம். அவர்கள் முதல் டச்டவுனுக்கே (பந்தைக் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) கிட்டத்தட்ட பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார்கள், பிறகு நாம் வரிசையாக 31 புள்ளி எடுத்தோம். 31-23 என்று நெருங்கி வந்தபோது, நமக்கு மூன்றாவது முயற்சி, பந்து நம்மிடமே நிற்க இன்னும் பதினொரு யார்டு வேண்டும். பந்தைப் பத்திரமாகக் கையில் வைத்திருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். டே எறியச் சொன்னார். ஹவர்ட் எறிந்தார், ஸ்மித் பிடித்தார், 56 யார்டு. 34-23 என்று முடிந்தது. நாம் நீக்கச் சொன்ன ஆள் கோப்பையைத் தூக்கினார்.

இனி நிர்வாகம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மடக்கு நாற்காலிகளில் இரண்டு காணவில்லை, யார் காரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பெரியவர் மார்ச்சில் ஊருக்குக் கிளம்பினார், அவருக்குக் கௌரவ உறுப்பினர் பதவி தரும் முன்மொழிவு இன்றைய நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது.

நவம்பர் 30 தீர்மானத்தை ரத்து செய்வது அதற்கு அடுத்த பொருள். அந்தப் பக்கத்தையே கிழித்துவிடலாம் என்று துணைத்தலைவர் கேட்டார். ரத்து செய்ய என் ஓட்டு உண்டு, கிழிக்க மாட்டேன், எண்ணெய்க் கறையோடு அங்கேயே இருக்கட்டும். 2025 நவம்பர் 29-இல் ஆன் ஆர்பரில் மறுபடியும் மிச்சிகன், அன்று யாராவது பீட்சா மூடியைத் தேடினால் முதலில் இந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுவேன்.

அடுத்த சீசனின் முதல் ஆட்டம் 2025 ஆகஸ்ட் 30, டெக்சாஸ், நம் அணியின் ஊரான கொலம்பஸில். இந்த முறை மாடிக்கும் கீழுக்கும் ஒரே இணைப்பு.

இப்படிக்கு,
செயலாளர்