நடுத்தட்டைக் காலி செய்து கொடுத்தவருக்கு

அன்புடையீர்,

தசைகளைத் தளரச் செய்யும் எஸ்எம்ஏ என்ற மரபணு நோயுள்ள எங்கள் மகளுக்காக அலைந்தவர்கள், பணம் அனுப்பியவர்கள், கோயிலிலும் தர்காவிலும் வேண்டிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் நடந்தவை தெரியும் என்பதால், அவற்றை இங்கே மறுபடியும் எழுதப் போவதில்லை. புதிய மருந்துப் புட்டி வந்து சேர்ந்துவிட்டது. நேற்று இரவு அதிலிருந்து முதல் வேளை மருந்தைக் குடித்துவிட்டு அவள் தூங்கிய பிறகு, இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

முதல் நன்றி எங்கள் தெருமுனையில் பால் பூத் வைத்திருக்கும் அண்ணனுக்கு. பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

2025 அக்டோபர் 17 அன்று, அவள் குடிக்கும் ரிஸ்டிப்ளாம் மருந்தை இந்திய நிறுவனம் ஒன்று இங்கேயே குறைந்த விலையில் தயாரித்து விற்பதைத் தடுக்க, காப்புரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது என்ற செய்தி வந்தபோது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினோம். மறுநாள் இரவு அடைமழையில் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்தது. வீட்டு ஃபிரிட்ஜில் இருந்ததோ கடைசிப் புட்டி. அரசுத் திட்டத்தின் 50 லட்சம் ரூபாய் தீர்ந்த பிறகு, உங்கள் பணத்தில் வாங்கியது. அந்தக் கரைசல் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் இருக்க வேண்டும், உறைந்துவிடவும் கூடாது. அவசரமென்றால் சில நாள் வெளியே இருக்கலாம் என்று மருந்துத் தாளில் போட்டிருந்தாலும், ஆறு லட்சம் ரூபாய்ப் புட்டியை வைத்துக்கொண்டு அந்தச் சலுகையைச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பால் பூத்துக்கு வேறு லைனில் மின்சாரம் வருகிறது. நனைந்துகொண்டு போய் நின்றேன். “நம்ம பாப்பா மருந்தா? கொடும்மா” என்றார், அவ்வளவுதான். தீபாவளி வியாபாரத்தில் நிமிடத்துக்கு ஒரு முறை ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் உள்ளே குளிர் நிற்காது என்பதை நான் சொல்வதற்கு முன்பே அவர் யோசித்திருக்கிறார். நடுத்தட்டைக் காலி செய்து, புட்டியைத் துவைத்த துண்டில் சுற்றி நிற்க வைத்துவிட்டு, தயிரையும் மோரையும் ஐஸ் கட்டி கொட்டிய பால் டப்புகளுக்கு மாற்றி, இரண்டு நாளும் டப்பிலிருந்தே விற்றார். தயிர் பாக்கெட்டுகள் கொஞ்சம் புளித்துப்போயின. அதற்கான பணத்தை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரவில் பூத்துக்குள்ளேயே படுத்து, எங்களிடமிருந்து வாங்கிய தெர்மாமீட்டரைப் பார்த்து, ஒரு தாளில் “ராத்திரி 11 – 5 டிகிரி”, “1 மணி – 5”, “3 மணி – 6, கதவு அழுத்திச் சாத்தினேன்” என்று குறித்து வைத்திருந்தார். மாலை ஏழு மணிக்கு நான் சிரிஞ்சுடன் போனால், கதவைத் திறப்பதற்கு முன் கைகழுவத் தண்ணீர் ஊற்றுவார். 6.6 மில்லி எடுத்து முடியும்வரை டார்ச் பிடிப்பார்.

இரண்டாம் நாள், இந்த மருந்து என்னதான் செய்கிறது என்று கேட்டார். தண்டுவடத்தில் உள்ள, தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் உயிரோடிருக்க ஒரு புரதம் வேண்டும். அதைத் தரும் எஸ்எம்என்1 என்ற மரபணு அவளுக்கு இல்லை. துணைக்கு இருக்கும் எஸ்எம்என்2 தருவது பெரும்பாலும் அரைகுறைப் புரதம், பத்தில் ஒரு பங்குதான் முழுமையானது. அந்தப் பங்கைக் கூட்டுவதுதான் மருந்தின் வேலை என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “நல்ல மாடு செத்துப்போச்சு, இருக்கிற மாடு திரிஞ்ச பாலா கறக்குது, அதைச் சரிபண்ற தீவனம்” என்றார். மருத்துவமனைகளில் எனக்குக் கிடைத்த விளக்கங்களில் இவ்வளவு சுருக்கமானது எதுவும் இல்லை. இறந்த செல்களை இந்தத் தீவனம் எழுப்பாது என்பதையும் சொன்னேன். அவள் நடக்கவில்லை, ஆனால் மூக்கு அரித்தால் என்னைக் கூப்பிடாமல் தானே கையைத் தூக்கிச் சொறிந்துகொள்கிறாள், தம்ளரைத் தானே வாய்க்குக் கொண்டுபோகிறாள்.

மருத்துவர்கள், வாரம் தவறாமல் வரும் பிசியோதெரபிஸ்ட், வழக்கில் குரல் கொடுத்த நோயாளிகள், வழிகாட்டிய மற்றப் பெற்றோர்கள், தீபாவளியன்று மழையில் கம்பம் ஏறிய லைன்மேன்கள் ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். நாம் பார்த்திராதவர்களும் இருக்கிறார்கள். 1995இல் பாரிஸில் இந்த நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்த ஜூடித் மெல்கியின் குழுவினர், 2016இல் இந்த நோய்க்கு முதல் மருந்தாக அனுமதி பெற்ற நுசினெர்சென்னுக்கு அடித்தளமிட்ட ஏட்ரியன் கிரெய்னர், ரிஸ்டிப்ளாமை உருவாக்கிய ஆய்வாளர்கள், அந்த முயற்சிக்குத் தோள் கொடுத்த அமெரிக்க அறக்கட்டளையைத் தொடங்கிய, நம்மைப் போன்ற ஒரு தாயும் தந்தையும். விலையைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. ஆனால் கண்டுபிடித்தவர்கள் மேல் அந்தக் கோபத்தைக் காட்டுவது நியாயமாகாது.

இப்போது வந்திருப்பது ஹைதராபாத் நாட்கோ நிறுவனத்தின் புட்டி, விலை 15,900 ரூபாய். எங்கள் மகளுக்கு ஒரு புட்டி பன்னிரண்டு நாள் வரும். மாதத்துக்கு ஏறக்குறைய நாற்பதாயிரம். இதுவும் எங்கள் வருமானத்துக்குப் பெரிய தொகைதான், என்றாலும் இது சம்பாதித்துவிடலாம், கடன் வாங்கியாவது சமாளிக்கலாம் என்று நினைத்துப் பார்க்கக்கூடிய தொகை. இதே மருந்தின், ஃபிரிட்ஜ் தேவைப்படாத மாத்திரை வடிவத்துக்கு 2025 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததை அண்ணனிடம் சொன்னபோது, “அப்போ நான் தயிரை நடுத்தட்டிலேயே வச்சுக்கலாம்” என்று சிரித்தார்.

ஒன்றை மட்டும் எனக்கு நானே உறுதி சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் கணவரும் நானும் நோயில்லாமல், குறையுள்ள மரபணுவை மட்டும் சுமப்பவர்கள். அப்படி இருவர் சேர்ந்தால் ஒவ்வொரு கருவிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எங்கள் உறவில் இதைக் குடும்ப மானமாக நினைத்து மூடி வைத்தவர்கள் உண்டு, ஒரு காலத்தில் நானும் உட்பட. இனி எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சு எதிலும், சுமப்பவரா என்று அறியும் ரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சொல்லாமல் நான் எழுந்திருக்கப் போவதில்லை, சபையில் முகம் சுளித்தாலும் சரி.

அண்ணன் டிகிரி குறித்த தாள் என்னிடம்தான் இருக்கிறது. அதன் பின்பக்கம் மூன்று வீட்டுப் பால் பாக்கி எழுதியிருப்பதாக இன்று காலை நினைவுபடுத்தினார். நகல் எடுத்துக்கொண்டு நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
பாப்பாவின் அம்மா