அந்த மரத்தைத் திரும்பத் தண்ணீரில் போடுங்கள்

ஏரி, ஓடைப் பராமரிப்பைப் பார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் ஏரியைச் சுத்தம் செய்தீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பொக்லைன் இறங்கியதும் கோரை, நாணல் எல்லாம் வழிக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்த பட்டமரத்தையும் குப்பை என்று இழுத்துக் கரையில் போட்டுவிட்டார்கள்.

முங்கிக் கிடக்கும் கிளையில் பாசி படியும். அதை மேயப் புழு பூச்சி வரும், பூச்சிக்குக் குஞ்சு மீன் வரும், குஞ்சைத் தேடி விரால் வரும். பதினைந்து வருடமாக அந்த மரத்தருகேதான் தூண்டில் போட்டேன். எத்தனையோ நாள் நரம்பு கிளையில் மாட்டி முள்ளோடு அறுந்திருக்கிறது. திட்டிக்கொண்டே மறுநாளும் அங்கேதான் போய் உட்காருவேன். இப்போது விடியலிலிருந்து வெயில் ஏறும்வரை தக்கை அசைவதில்லை.

அப்புறம், மறுவாரமே விழா எடுத்து மீன்குஞ்சு விட்டீர்கள். ஒளிய ஒரு குச்சிகூட இல்லாத தண்ணீர். நீர்க்காகங்கள் முங்கி முங்கி எடுத்ததைக் கரையில் நின்று பார்த்தேன். விழாவுக்கு வந்தவர்களில் வயிறு நிறையப் போனவை அவைதான்.

நான் கேட்பது ஒன்றே: மரத்தைத் தண்ணீரில் விடுங்கள். படகு போகும் வழியிலிருந்து ஒதுக்கி, கரையோடு கட்டிவைத்தால் மிதந்து போகாது.

ஓடையையும் சொல்லிவிடுகிறேன். வளைவுகளை நேராக்கி, மடுக்களைத் தூர்த்து, நிழல் தந்த கரை மரங்களையும் வெட்டியாயிற்று. நிழல் போனால் தண்ணீர் சூடாகும், சூடானால் மீன் மூச்சுவிடும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5தான். கரை சரிந்து இறங்கும் வண்டல் சரளையை மூடினால், அதில் இட்ட முட்டை மூச்சுமுட்டிச் சாகும். நடைபாதை மட்டும் அருமையாக வந்திருக்கிறது. மீன்கள் நடைபயிற்சிக்குப் போவதில்லை என்பதை யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பொக்லைன் வருமுன் எங்களைக் கூப்பிட்டால், எந்த மரத்தைத் தொடக் கூடாது என்று காட்டித் தருகிறோம். இழுத்துப் போட்டது இன்னும் கரையில்தான் காய்ந்துகொண்டிருக்கிறது. யாராவது விறகுக்கு வெட்டிப் போவதற்குள் அதைத் தண்ணீரில் இறக்கிவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெறுந்தூண்டிலோடு வீடு திரும்பும் ஒருவன்