கதிரியக்கச் செய்தியில் பொருளின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கதிரியக்கம் பற்றி எழுதும்போதெல்லாம் நம் நாளிதழ்கள் ‘இயல்பைவிட இத்தனை மடங்கு’ என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. எந்தக் கதிரியக்கப் பொருள், கிலோவுக்கு எத்தனை பெக்கரல் (விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) என்ற விவரம் இருப்பதே இல்லை. அதைப் படித்துவிட்டு ஒருவர் பயப்படலாம் அல்லது கண்டுகொள்ளாமல் விடலாம், வேறென்ன செய்வார்?

2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. அந்த ஆகஸ்டில் கலிஃபோர்னியா கடலில் பிடித்த 15 புளூஃபின் சூரை மீன்களை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஃபுகுஷிமாவில் கசிந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் அவற்றில் இருக்கிறது என்று அடுத்த ஆண்டு முடிவு வந்ததும் பல இடங்களில் பீதி கிளப்பும் தலைப்புகள்தான். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சீசியம்-137 விட்ட காமா கதிருக்கு 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல், சீசியம்-134க்கு 605, 796, அயோடின்-131க்கு 364 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆற்றல் உண்டு. திரவ நைட்ரஜனில் குளிர்வித்த ஜெர்மேனியம் என்ற தனிமத்தின் படிகத்தை ஈயச் சுவருக்குள் வைத்து, மாதிரியை அதன் பக்கத்தில் மணிக்கணக்கில் விட்டுவைத்தால், நிறமாலை வரைபடத்தில் அந்தந்த எண்ணில் முகடு எழும். டிக் டிக் என்று அடிக்கும் கெய்கர் கருவியால் இப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது.

அணுகுண்டுச் சோதனைகள் விட்டுப்போன சீசியம்-137 கடலில் ஏற்கெனவே இருக்கிறது, அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 30 ஆண்டு. ஆனால் சீசியம்-134 அணு உலைக்குள் உருவாவது, இரண்டே ஆண்டில் பாதியாகிவிடும், செர்னோபிலில் வந்ததெல்லாம் எப்போதோ தீர்ந்திருக்கும். ஆகவே அது மீனில் இருந்தால் புதிய கசிவுதான். உலர்த்திய சதையில் கிலோவுக்கு 4 பெக்கரல் சீசியம்-134, 6.3 பெக்கரல் சீசியம்-137 இருந்தன. அதே மீனில் இயற்கையாகவே உள்ள பொட்டாசியம்-40 மட்டும் சுமார் 347 பெக்கரல்! இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் போட்டிருந்தால் வாசகரே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்.

நம் ஊருக்கும் இது வேண்டும். மணவாளக்குறிச்சி மணலில் இயற்கையான கதிரியக்கப் பொருளான தோரியம் உண்டு, கருவியை அங்கே வைத்தாலே எண் எகிறும். அதைக் கூடங்குளத்தின் தலையில் கட்டுவதும் தவறு, ‘அங்கே எப்பவும் அப்படித்தான்’ என்று சொல்லி உண்மையான கசிவு ஒன்றை மறைக்க இடம் கொடுப்பதும் தவறு. தோரியம் சிதையும்போது அடுத்தடுத்து உருவாகும் பொருள்களில் ஒன்றான தாலியம்-208 காட்டும் முகடு 2614இல், சீசியம் காட்டுவது 662இல். குழப்பமே வராது.

அப்புறம், காமா அளவீடு எல்லாவற்றையும் காட்டாது. ஸ்ட்ரான்சியம்-90, டிரிட்டியம் இரண்டும் பீட்டா கதிர் விடுபவை, அவற்றுக்கு வேறு சோதனை தேவை. ‘சீசியம் இல்லை’ என்று அதிகாரிகள் சொன்னால் இவற்றைப் பார்த்தீர்களா என்றும் உங்கள் நிருபர்கள் கேட்க வேண்டும். ‘பாதுகாப்பான அளவு’ என்று மட்டும் அறிக்கை வந்தால், நிறமாலை வரைபடத்தையும் எண்களையும் வாங்கி அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
நாகர்கோவில்