வங்கிக்கு நீ எழுத வேண்டிய பதில்

அன்பு மகள் வளர்மதிக்கு,

நலம். அங்கு உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தொலைபேசியில் ஒருவன் உன்னை ஏமாற்றி உன் கிரெடிட் கார்டிலிருந்து மூன்று முறை பணம் எடுத்தது பற்றி நீ அனுப்பிய வங்கியின் பதிலையும் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் நிதானமாகப் படித்தேன். ஓடிபியை நீயே சொல்லியிருப்பதால் மூன்று பரிவர்த்தனைகளுக்கும் வங்கி பொறுப்பேற்க இயலாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நீயும் அதை நம்பி, போனது போகட்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். போகட்டும் என்று விடக்கூடிய கணக்கு இல்லை இது. முதல் இரண்டு பரிவர்த்தனைகளும் நீ கஸ்டமர் கேரை அழைத்துப் புகார் சொல்வதற்கு முன்பு நடந்தவை. மூன்றாவது, அந்நியச் செலாவணியில் போன ரூ.61,250, நீ புகார் எண் வாங்கி அரைமணி நேரத்துக்கும் மேலான பிறகு நடந்திருக்கிறது. உன் புகாரை ஏற்றுக்கொண்டதாக அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்தியில் மாலை 4.12 என்று இருக்கிறது. பணம் போன செய்தியில் 4.47 என்று இருக்கிறது. இந்த இரண்டு செய்திகளையும் அழித்துவிடாதே.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாகவே பிரித்துச் சொல்கிறது. ரகசிய எண்ணைப் பிறரிடம் சொன்னது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு வாடிக்கையாளரைச் சேரும். தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய கடமையையும் அதே சுற்றறிக்கை வங்கியின் மேல்தான் வைத்திருக்கிறது. பணியில் இருந்த நாளில், இந்தச் சுற்றறிக்கையை எங்கள் கிளையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியவர்களில் நானும் ஒருவன். ஆகவே, நீ புகார் சொன்ன பிறகும் கார்டு ஏன் முடக்கப்படாமல் இருந்தது என்ற கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது பரிவர்த்தனைக்கு ஓடிபியே வரவில்லையே, எப்படிப் போனது என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் பேசிய அந்த மோசடிக்காரன் கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்க சிவிவி ஆகியவற்றைச் 'சரிபார்ப்பதற்காக' உன்னிடம் கேட்டு வாங்கியிருக்கிறான். நம் நாட்டு இணையக் கடைகளில் ஓடிபி இல்லாமல் பெருந்தொகை நகராது என்றாலும், வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் இந்த மூன்றும் இருந்தாலே போதும். புதிய கார்டு வந்ததும் வங்கிச் செயலியில் 'சர்வதேசப் பயன்பாடு' என்பதை அணைத்து வை.

இனி, நீ வருந்திக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். படித்த பெண், கணினித் துறையில் இருப்பவள், இப்படி ஏமாறலாமா என்று பெரியப்பா உன்னிடம் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவரிடமே சொல்லிவிட்டேன். உன்னிடம் பேசியவன் படிப்பை ஏமாற்றவில்லை. 'உங்கள் கார்டில் பாதுகாப்புத் திட்டம் ஒன்று தொடங்கியிருக்கிறது, இன்று மாலைக்குள் ரத்து செய்யாவிட்டால் மாதம் ரூ.2,499 பிடிக்கப்படும்' என்று தொடங்கி, உன் பெயரையும் கார்டின் கடைசி நான்கு எண்களையும் தானே சொல்லி, நீ கேட்காத ஒன்றை உன் தலையில் கட்டிவிட்டு, அதை இறக்கிவைக்க உதவுபவன் போலப் பேசியிருக்கிறான். வந்த குறுஞ்செய்தியில் கடையின் பெயரும் தொகையும், 'யாரிடமும் பகிர வேண்டாம்' என்ற வரியும் இருந்தன; ஆனால் காதில் ஒருவன் இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கும்போது கண் அந்த ஆறு எண்களை மட்டும்தான் தேடும். இணைப்பைத் துண்டிக்க விடாமல் அவன் பேச்சை நீட்டியதும் அதற்காகத்தான். நீ யோசிக்கவோ, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவோ இடைவெளி கிடைத்தால் அவன் வேலை கெட்டுப்போகும்.

வங்கிகள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று அவர்களே நாள் தவறாமல் ஏதேதோ கைப்பேசி எண்களிலிருந்து அழைத்து, பிறந்த தேதியைச் சொல்லுங்கள் என்று மக்களைப் பழக்கிவிட்டார்கள். சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையே பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில்தான் சொன்னது. நல்ல ஏற்பாடுதான், இருந்தாலும் எண்ணைப் பார்த்து நம்புவதைவிட, யார் அழைத்தாலும் வைத்துவிட்டு, கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நாமே அழைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண் எதையும் அழைக்காதே. போலி எண்களை அங்கேயும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எனக்கு உன்மேல் ஒரே ஒரு மனத்தாங்கல்தான். நடந்த அன்றே எங்களிடம் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்கச் சொல்லியிருப்பேன். அந்த எண்ணில் புகார் பதிவானால், திருடனின் கணக்கில் பணம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து வங்கிகள் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. அதற்கு நாழிகை முக்கியம். இப்போது தாமதமாகிவிட்டாலும், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்து ஒப்புகை எண்ணை வாங்கிவிடு. அடுத்த கடிதத்துக்கு அது வேண்டும்.

அந்தக் கடிதத்தை வங்கியின் முதன்மை நோடல் அதிகாரிக்கு, அதாவது புகார்களைக் கவனிக்கும் மேலதிகாரிக்கு, எழுது. முதல் இரண்டு பரிவர்த்தனைகளைப் பற்றி வாதாடாதே. மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, புகார் எண், 4.12, 4.47 ஆகியவற்றை முதல் பத்தியிலேயே வைத்து, சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு, தொகையைத் திருப்பி வரவு வைக்கக் கேள். தகராறில் உள்ள தொகைக்கு வட்டியும் தாமதக் கட்டணமும் போடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள். மறுத்தாலோ, முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) இணையம் வழியாகவே முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது; நீயே எழுதலாம். வழக்கறிஞர் மூலம் அனுப்பினால்தான் ஏற்க மாட்டார்கள்.

முதல் இரண்டுக்குமான ரூ.63,399-ஐ நான் உன் சம்பளக் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். மறுக்காமல் உடனே கார்டுக்குக் கட்டிவிடு; குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போனால், மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறி இரண்டாவது முறையும் உன்னைக் கொள்ளையடிக்கும். மெதுவாகத் திருப்பித் தா, அவசரம் இல்லை.

இன்னொன்று. 'நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று சைபர் பிரிவின் பெயரிலோ வங்கியின் பெயரிலோ சிலர் அழைக்கக்கூடும். ஏமாந்தவர்களின் எண்கள் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே கைமாறுகின்றன. முன்பணம் கேட்டாலும், ஏதாவது செயலியை இறக்கச் சொன்னாலும் வைத்துவிடு.

கடிதத்தை எழுதியதும் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி வாட்ஸ்அப்பில் அனுப்பு. வங்கிக்காரன் கண்ணோடு ஒருமுறை படித்துப் பார்க்கிறேன். குறுஞ்செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் நேரமும் தெரியும்படி எடு.

அன்புடன்,
அப்பா